5ஜி போன் அவசியமா?

"5ஜி போன் இல்லாம இனிமே ஒண்ணும் நடக்காதும்மா!" என்று பிள்ளைகள் நச்சரித்தால், சீட்டுப் பணத்தில் கை வைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள் சகோதரிகளே!

நம் நாட்டில் 5ஜி வந்தது 2022 அக்டோபரில். முதலில் சாதாரண ரீசார்ஜுக்கே அளவில்லாமல் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் கட்டணத்தை ஏற்றியபோது ஜியோவும் ஏர்டெல்லும், தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான் அந்தச் சலுகை என்று ஆக்கிவிட்டன. ஆக, போன் விலையோடு செலவு முடிவதில்லை.

வாட்ஸ்அப், கூகுள் பே, சமையல் வீடியோ எல்லாவற்றுக்கும் 4ஜியே தாராளம். போன் மந்தமாக இருந்தால் நெட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். 'குட் மார்னிங்' படங்களே பாதி இடத்தை அடைத்திருக்கும். (எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் விடியுமுன்னே முப்பது வந்துவிடும்!) அவற்றை அழித்து, பேட்டரியையும் மாற்றினேன். செலவு 1,200 ரூபாய். மகள் கேட்ட போனோ 18,000!

5ஜி போன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உங்கள் கூடத்திலும் அடுக்களையிலும் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மொட்டை மாடியில்தான் வந்தது.

ஆனால் ஒன்று. பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோன போனில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தால், கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். கடைசியாக வந்த தேதி செட்டிங்ஸிலேயே இருக்கும். என் கணவரின் போனில் அது நின்று மூன்று வருஷம்! அதனால் புது போன் அவருக்குத்தான். மகள் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

– ஓர் இல்லத்தரசி, தஞ்சாவூர்