புதிய வண்டியும் பழைய ஓசையும்

தையல் இயந்திரத்தின் உள்ளமைப்பை மாற்றினால், அதற்காக எவரும் வீதியில் நின்று வாதாடுவதில்லை. மின்விசிறியைத் திருத்தி அமைத்தால், பழைய விசிறியை எண்ணி ஏங்குவோரும் இல்லை. மோட்டார் சைக்கிளின் செய்தி வேறு. அதன் இயந்திரத்தில் ஒரு தண்டைப் புதிதாகச் சேர்த்துவிட்டால் போதும். ஓட்டுவோர் இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடத் தொடங்கிவிடுவர். “இப்போதுதான் வண்டி வண்டியாயிற்று” என்பார் ஒருவர். “உயிரையே எடுத்துவிட்டார்கள்” என்பார் மற்றொருவர். இருவரும் ஓட்டிப் பார்த்தது ஒரே வண்டியைத்தான். அவ்வாறாயின் இந்தக் கருத்து வேற்றுமை எங்கிருந்து பிறக்கிறது? மாணவ நண்பர்களே, இதனையே உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நம் தமிழ்நாட்டிலேயே உருவான வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்திலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து, 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் ‘புல்லட்’ வண்டி உருவாயிற்று. பிற்காலத்தில் இங்கிலாந்தில் அந்தத் தொழில் நின்றுபோயிற்று; சென்னையிலோ தொடர்ந்தது. 2002இல் அந்நிறுவனம் ‘தண்டர்பேர்டு’ என்னும் குரூஸர் வகை வண்டியை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டில் அதனை நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் ‘மீட்டியோர் 350’ என்னும் வண்டியை நவம்பர் மாதத்தில் கொணர்ந்தது. வண்டியின் வகையும் நோக்கமும் பழையனவே. இயந்திரமும் அதனைத் தாங்கும் சட்டகமும் முற்றிலும் புதியவை.

குரூஸர் என்பது யாது? அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளில் வளர்ந்த வடிவம் அது. ஆசனம் தாழ்ந்திருக்கும். கால்களை முன்னே நீட்டி வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி உயர்ந்து ஓட்டுபவரை நோக்கி வளைந்திருக்கும். பந்தயக் குதிரையைப் போலப் பாயாமல், நெடுவழி செல்லும் வண்டிமாட்டைப் போலச் சீராக இழுத்துச் செல்வதே அதன் இயல்பு. ஆகவே குரூஸர் ஓட்டுவோர் வேகத்தைக் காட்டிலும் பயணத்தின் சுகத்தையே பெரிதாக எண்ணுவர். அவர்களுடைய விருப்பும் வெறுப்பும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

மீட்டியோர் வந்தபோது ஓட்டுவோர் பலரும் முதலில் பேசியது அதிர்வைப் பற்றித்தான். பழைய வண்டியில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் கைப்பிடியும் கால்மிதியும் நடுங்கும். பக்கக் கண்ணாடியில் பின்னே வரும் லாரி கலங்கித் தெரியும். புதிய வண்டியில் அந்த நடுக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

இவ்விரு வண்டிகளின் இயந்திரத்திலும் ஒரே ஒரு சிலிண்டர்தான். அதனுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. நிமிடத்துக்கு 4000 சுற்று என்ற கணக்கில் இயந்திரம் சுழன்றால், அந்தப் பிஸ்டன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 133 முறை நின்று திரும்ப வேண்டும். ஓடுகிற கனமான பொருளை நிறுத்தித் திருப்பினால், அது தன்னைத் தாங்குவதைத் தள்ளும். தோணியில் ஒருவர் முன்னே பாய்ந்தால் தோணி பின்னே போவதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்திலும் அதுவே நிகழ்கிறது.

இதனைத் தணிக்க, பிஸ்டன் மேலே செல்லும்போது கீழே செல்லுமாறு கிராங்கில் ஓர் எதிர் எடையைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் மட்டுமே செல்கிறது; கிராங்கோடு சுழலும் எடையோ முன்னும் பின்னுங்கூடச் செல்கிறது. மேலும் கீழுமான ஆட்டத்தை முழுவதும் அடக்கப் புகுந்தால், முன்னும் பின்னுமான புதிய ஆட்டம் ஒன்று பிறந்துவிடும். ஆதலால் ஏறத்தாழப் பாதியை அடக்கி, மீதியைப் பொறுத்துக்கொள்வதே பழைய முறை. மீட்டியோரின் இயந்திரத்தில் கிராங்குக்கு எதிர்த்திசையில், அதே வேகத்தில் சுழலும் மற்றொரு தண்டைச் சேர்த்தார்கள். அதற்குப் பாலன்ஸர் தண்டு என்று பெயர். அதன் எடையும் கிராங்கின் எடையும் மேலும் கீழும் செல்லும்போது ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. முன்னும் பின்னும் செல்லும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. முழு அமைதி இதனாலும் வாய்க்காது. ஆயினும் பெரும் நடுக்கம் அடங்கிவிடுகிறது.

நெடுநேரம் அதிர்வைத் தாங்கும் கைகள் மரத்துப்போகும் என்பது மருத்துவர் அறிந்த உண்மை. ஆகவே, “மாலையில் வண்டியை விட்டு இறங்கும்போது என் விரல்கள் என்னுடையனவாகவே இருந்தன” என்று புகழ்ந்தவரின் சொல் வெறும் ரசனை அன்று. உடம்பு கூறும் சாட்சி.

அப்படியானால் குறை கூறியவர் யார்? அவர்கள் சொன்னது ஓசையைப் பற்றி. இந்த வண்டிகளுக்குரிய ‘டப், டப்’ என்னும் கனத்த துடிப்பு குன்றிவிட்டது என்பது அவர்களுடைய வழக்கு. இதனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு வீச்சு இயந்திரத்தில், கிராங்கு இருமுறை சுழன்றால் சிலிண்டரில் ஒருமுறை வெடிப்பு நிகழும். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும் வண்டியில், விநாடிக்கு எட்டு வெடிப்புகள். அவற்றை நம் செவி தனித்தனித் துடிப்பாகவே பிரித்தறிகிறது. விநாடிக்கு ஏறக்குறைய இருபதைத் தாண்டினால் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஒலியாகிவிடும். வெடிப்பின் இந்தக் கணக்கைப் பாலன்ஸர் தண்டு மாற்றுவதில்லை. ஒரு சிலிண்டரின் தாளம் புதிய வண்டியிலும் அதே தாளந்தான்.

அப்படியிருந்தும் குறை சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் அந்தத் துடிப்பை இதுவரை செவியால் மட்டும் கேட்டவர் அல்லர். ஆசனத்தின் வழியே முதுகிலும், கைப்பிடியின் வழியே உள்ளங்கையிலும், பெட்ரோல் டாங்கியை அணைத்த முழங்காலிலும் அதனைக் கேட்டவர். நடுக்கத்தை எடுத்துவிட்டால், செவி கேட்கும் தாளத்துக்கு உடம்பு போட்ட பக்கவாத்தியம் நின்றுபோகிறது. பொறியாளர் குற்றம் என்று கண்டு நீக்கியதை, ஓட்டுபவர் குணம் என்று எண்ணிப் போற்றி வந்திருக்கிறார்.

இங்கே இன்னொரு செய்தியையும் நாம் கவனிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இதே நிறுவனம், வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட தன் பழைய இயந்திரத்தைக் கைவிட்டு, இயந்திரமும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டினுள் அமைந்த அலுமினிய இயந்திரத்துக்கு மாறியது. அப்போதும் இதே புலம்பல் எழுந்தது. “வார்ப்பிரும்பின் துடிப்பு இதில் இல்லை” என்று மூத்தவர்கள் தலையசைத்தார்கள். 2020இல் மீட்டியோர் வந்தபோது, எந்த இயந்திரத்தை அன்று குறை சொன்னார்களோ அதே அலுமினிய இயந்திரத்தின் துடிப்புதான் பலருக்கு ‘உண்மையான பழைய ஓசை’யாக ஆகியிருந்தது. பதினோர் ஆண்டுகளில் குற்றவாளி நீதிபதியாகிவிட்டான்!

கியரின் கதையும் இத்தகையதே. பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. ஏனைய வண்டிகளில் இந்த முறை நேர்மாறு. பின்னர் புல்லட்டும் உலக வழக்கத்துக்கு வந்தபோது, பலர் அதனைத் துரோகம் என்றே பேசினர். அவர்களுடைய அச்சத்தில் நியாயமும் இருந்தது. திடீரென்று மாடு குறுக்கே வந்தால் கால் சிந்தித்துப் பார்த்து மிதிப்பதில்லை. பழகிய இடத்தைத்தான் மிதிக்கும். இடப்பக்கம் கியரோடே ஓட்டப் பழகிய தலைமுறைக்கு அந்த வழக்கே புரிவதில்லை. பழக்கத்திலிருந்து பிறந்த குறை, பழக்கம் மாறியதும் மறைந்துவிடுகிறது.

இது நம் நாட்டுக்கே உரிய விந்தை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்ஸன் வண்டிகளில் 45 பாகைக் கோணத்தில் சாய்ந்த இரு சிலிண்டர்கள் ஒரே கிராங்கு முளையோடு இணைந்திருக்கும். அதனால் வெடிப்புகள் சம இடைவெளியில் வாரா; ஒருமுறை 315 பாகை, மறுமுறை 405 பாகை என நொண்டித் தாளமாக ஒலிக்கும். அந்த ஓசையையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யுமாறு 1994இல் அந்நிறுவனம் விண்ணப்பித்தது. பின்னர் 2000இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017இல் அதே நிறுவனம் ‘டைனா’ என்னும் குரூஸர் வரிசையை நிறுத்தி, ‘ஸாஃப்டெயில்’ என்னும் வரிசையைப் புதிய சட்டகத்தோடு திருத்தி அமைத்தது. டைனாவின் இயந்திரம் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்து, நிற்கும்போதே குலுங்கும். புதிய வண்டியில் பாலன்ஸர் தண்டுகள் அந்தக் குலுக்கலைத் தணித்தன. வண்டியின் எடை குறைந்ததையும், வளைவுகளில் அது நன்கு திரும்புவதையும் டைனா அன்பர்களிலேயே பலர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டே, டைனாவுக்காக வருந்தினார்கள்.

எனினும் எல்லாக் குறைகளையும் பழக்கத்தின் தலையில் கட்டிவிடுதல் நீதியாகாது. மீட்டியோரைப் பற்றிக் கூறப்பட்டவற்றுள் அளந்து பார்க்கத்தக்க குறைகளும் இருந்தன. பிற்காலத் தண்டர்பேர்டின் டாங்கி 20 லிட்டர் கொண்டது. மீட்டியோரின் டாங்கியோ 15 லிட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்னது 700 கிலோமீட்டர் ஓடும். பின்னது 525 கிலோமீட்டர் ஓடும். சென்னையில் டாங்கியை நிரப்பிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் புறப்பட்டவர், மதுரையைத் தாண்டியதும் பெட்ரோல் நிலையத்தைத் தேட வேண்டும். தினமும் அலுவலகம் செல்பவருக்கு இது ஒரு பொருட்டாகாது. பெட்ரோல் நிலையங்கள் அரிதாக உள்ள மலைநாடுகளில் பயணம் செய்பவருக்கோ இது பெரிய குறையே.

ஆசனத்தைப் பற்றியும் இருவகைக் கருத்துகள் எழுந்தன. தரையிலிருந்து அதன் உயரம் 765 மில்லிமீட்டர். உயரம் குறைந்தவர்களும் இரு கால்களையும் ஊன்றி நிற்க முடிந்ததால் அவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் கால்களை முன்னே நீட்டி அமர்ந்தால் உடலின் பாரம் முழுவதும் இடுப்பின் அடியில் இறங்குகிறது. பள்ளம் வரும்போது கால்களை ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்வதும் எளிதன்று. மேடுபள்ளமான சாலைகளில் முதுகு வலிக்கிறது என்று கூறியவர்கள், தாழ்ந்த ஆசனத்தையும் நீட்டிய காலையும் விரும்பியதற்குரிய விலையைத்தான் கூறினார்கள். ஒரு நன்மையும் ஒரு தீமையும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கக் கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முதல் மாதத்துக் கருத்துகளுக்குத் தெரியாத செய்திகளும் உண்டு. 2021 மே மாதத்தில், மீட்டியோர் உட்பட மூன்று வகை வண்டிகளில் தீப்பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலில் குறை இருக்கலாம் என்று கண்டு, ஏறக்குறைய 2,37,000 வண்டிகளை அந்நிறுவனம் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. புகழ்ந்தவரும் சரி, பழித்தவரும் சரி, முதல் சவாரியில் இதனைக் கண்டிருக்க முடியாது. ஓசையையும் ஆசனத்தையும் ஒரு மணி நேரத்தில் அறிந்துவிடலாம். உழைப்பைக் காலந்தான் காட்டும்.

இவற்றையெல்லாம் நான் இவ்வளவு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. உங்களில் சிலர் நாளை பொறியாளராகி, இத்தகைய வண்டிகளை வரைந்து உருவாக்குவீர்கள். பலர் பல ஆண்டுகள் சேமித்த பணத்தைக் கொண்டுபோய் ஒரு வண்டி வாங்குவீர்கள். அவ்விரு சாராரின் காதிலும் நூறு கருத்துகள் வந்து விழும். உரத்த குரலுக்கு அஞ்சி எதையும் மாற்றாதிருக்கும் தொழிற்சாலை தேங்கிவிடும். ஓட்டுபவரின் மனத்தைப் பொருட்படுத்தாது அளவுகோலை மட்டும் நம்பும் தொழிற்சாலையோ, குற்றமற்ற ஒரு வண்டியைச் செய்து, வாங்குவாரின்றி வைத்துக்கொண்டிருக்கும். மீட்டியோரை வரைந்தவர்கள் நடுக்கத்தை நீக்கினார்கள். ஆனால் ஒற்றைச் சிலிண்டரையும் அதன் நீண்ட வீச்சையும் விட்டுவிடவில்லை. பிஸ்டனின் விட்டம் 72 மில்லிமீட்டராக இருக்க, அது ஓடும் தூரம் 85.8 மில்லிமீட்டர். தாழ்ந்த வேகத்தில் நிதானமாக இழுக்கும் அந்தக் குணத்தைக் காப்பதற்கென்றே அமைந்த அளவு அது. இரு கட்சியாரின் சொல்லையும் செவிமடுத்தவர்களுக்கே இத்தகைய முடிவு கைகூடும்.

ஆகவே நண்பர்களே, ஒருவர் ஒரு வண்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது, அவர் அதில் எத்தனை நாள், எந்தச் சாலையில் சென்றார் என்று முதலில் கேளுங்கள். “பழைய வண்டி போல வராது” என்று அவர் பெருமூச்சு விட்டால், அவர் முதன்முதலாக வாங்கிய வண்டி எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதையும் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் அந்த ஆண்டின் ஓசையே அவருக்கு உண்மையான ஓசையாக இருக்கும்.