நோய்க்கும் படி உண்டு: தீவிர நோய்க் காப்பீடு ஓர் அறிமுகம்



ஆண்டு மலரில் கவிதையும் கதையும் நிறைய இருக்கும். நடுவில் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச காலத்தில் நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, அம்பத்தூரிலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குச் சேர்ந்துவிடுவோம். முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் நம்மைத் தேடி வருகிறவர்களில் ஒருவர் கட்டாயம் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருப்பார். அவர் நீட்டுகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து கையெழுத்துப் போட வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வகைக் காப்பீடு

எங்கள் ஊர் எளாவூர். சென்னை–கூடூர் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரியும் அதன் கரையில் மீனவக் கிராமங்களும். அங்கே எங்கள் தாய்மாமன் ஒருவர் இறால் வலை போடுகிறவர். சில வருஷங்களுக்கு முன் வலை இழுக்கும்போது அடிக்கடி நெஞ்சுவலி வந்தது. சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்ததில் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். மாரடைப்பு வருவதற்கு முன்பே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். அரசு காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் ஏரியில் இறங்கவில்லை. அந்த மூன்று மாதம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? அவரிடம் ஒரு தனியார் தீவிர நோய் பாலிசியும் இருந்தது. "ஹார்ட்டுக்கு மூணு லட்சம்" என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். விண்ணப்பித்தோம். 'பாலிசியில் குறிப்பிட்ட நோய் அல்ல' என்று கடிதம் வந்தது. மாமா கேட்டார்: "ஏம்ப்பா, நெஞ்ச அறுத்தாதான் வியாதியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீடு என்பது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்த வகை. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். நம் கைக்கு வராது.

தீவிர நோய்க் காப்பீடு வேறு. குறிப்பிட்ட நோய் வந்தது என்று நிரூபணமானால், ஒரு மொத்தத் தொகை நம் கையில் தரப்படும். ஆஸ்பத்திரி பில் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், வட்டிக் கடன் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

இது எங்கே பிறந்தது?

இதற்கு வழிகாட்டியவர் ஒரு டாக்டர். 1967இல் தென்னாப்பிரிக்காவில் உலகின் முதல் மனித இருதய மாற்று அறுவை நடந்தது. அதைச் செய்தவர் கிறிஸ்டியான் பர்னார்ட். அந்தக் குழுவில் இருந்த அவருடைய தம்பி மாரியஸ் பர்னார்டுதான் நாம் சொல்லும் டாக்டர். ஆபரேஷனில் உயிர் பிழைத்தவர்கள் பணக் கஷ்டத்தில் நொடித்துப்போவதை அவர் பார்த்தார். செத்தால் பணம் தர பாலிசி இருக்கிறது; பிழைத்தால் தர ஏன் இல்லை என்று கேட்டார். 1983இல் அங்கே முதல் பாலிசி வெளிவந்தது. அதில் நான்கே நான்கு: மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், பைபாஸ் அறுவை.

நம் நாட்டில் 1990களில் எல்.ஐ.சி. 'ஆஷா தீப்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதிலும் நான்குதான்: புற்றுநோய், நிரந்தர ஊனம் தரும் பக்கவாதம், இரண்டு சிறுநீரகமும் செயலிழப்பது, பைபாஸ் செய்யும் அளவுக்கு முற்றிய இருதய நோய். பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன; ஒரே நோய்க்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விளக்கம் சொன்னது. குழப்பம் தீர, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நோய்களுக்குப் பொது விளக்கம் வகுத்தது. 2016இல் வந்த விதிகளில் 22 இனங்களுக்கு அப்படி விளக்கம் இருந்தது.

அந்த விளக்கங்களைப் படித்தால்தான் மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. பைபாஸ் என்றால் உண்மையிலேயே செய்த பைபாஸ் அறுவை; ஆஞ்சியோபிளாஸ்டி அதில் சேராது. அதற்குத் தனி விளக்கம் உண்டு, ஆனால் கம்பெனி தன் பட்டியலில் சேர்த்திருந்தால்தான் பணம். மாரடைப்பு என்றால் ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றமும் ரத்தப் பரிசோதனையில் அதற்கான அடையாளமும் வேண்டும். வெறும் நெஞ்சுவலி போதாது. பக்கவாதம் என்றால் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடிக்க வேண்டும். தீக்காயம் என்றால் உடம்பில் 20 சதவீதமாவது மூன்றாம் நிலைக் காயம் வேண்டும். கோமா என்றால் உயிர்காக்கும் கருவியில் குறைந்தது 96 மணி நேரம். புற்று தோன்றிய இடத்தைத் தாண்டிப் பரவாத ஆரம்ப நிலை என்றால் அது கணக்கிலேயே வராது.

ஆன்–ஆஃப் சுவிட்சும் லெவல் கேஜும்

நம் பாஷையில் சொன்னால் இது ஆன்–ஆஃப் கன்ட்ரோல். மேல்நிலைத் தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச் இருக்கிறதல்லவா? தண்ணீர் குறித்த மட்டத்தைத் தொடும் வரை ஒன்றுமே நடக்காது. தொட்டதும் டக்கென்று வேலை செய்யும். பழைய பாலிசியும் அப்படித்தான். வரையறையைத் தொட்டால் 100 சதவீதம், ஒரு நூல் குறைந்தாலும் பூஜ்யம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவருக்கு ஒன்றும் இல்லை. முற்ற விட்டவருக்கு முழுப் பணம்! சீக்கிரம் பரிசோதனை செய்துகொள் என்று டாக்டர் சொல்கிறார். பாலிசியோ எதிர்த் திசையில் நிற்கிறது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் தீவிரத்துக்கு ஏற்ற படிமுறைக் காப்பீடு. இது ஃப்ளோட் சுவிட்ச் அல்ல, லெவல் கேஜ். நோய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற சதவீதம். சில பாலிசிகளில் சிறிய நிலைக்கு 25, நடுத்தரத்துக்கு 50, கடுமைக்கு 100 என்று இருக்கும். தென்னாப்பிரிக்காவில் முக்கியமான நான்கு நோய்களுக்கும் ஏ, பி, சி, டி என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான படிகளே வகுத்துவிட்டார்கள்.

நம்மூர் உதாரணம், 2017இல் எல்.ஐ.சி. வெளியிட்ட புற்றுநோய்க் காப்பீட்டுத் திட்டம். 10 லட்சம் ரூபாய்க்கு எடுத்திருந்தால் கணக்கு இப்படி:

ஆரம்ப நிலை என்றால் 25 சதவீதம், அதாவது 2,50,000 ரூபாய். அதோடு மூன்று வருஷப் பிரீமியம் தள்ளுபடி.

பிறகு நோய் முற்றினால், ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்து மீதி 7,50,000 ரூபாய்.

அதற்கு மேல் மாதம் 1 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் வீதம் பத்து வருஷம். இனிப் பிரீமியமும் இல்லை.

ஆனால் பாலிசி எடுத்த முதல் 180 நாளுக்குள் நோய் தெரிந்தால் ஒன்றும் கிடையாது. இதற்குக் காத்திருப்புக் காலம் என்று பெயர்.

படிமுறை என்றாலே லாபம் என்று நினைத்துவிடவும் கூடாது. பழைய முறையில் வரையறைக்குள் வந்துவிட்ட ஒரு மிதமான மாரடைப்புக்கு முழுத் தொகை கிடைக்கும். படிமுறையில் அதே மாரடைப்புக்குப் பாதியோ காலோதான் கிடைக்கலாம். ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் இறங்கும்.

யார் வைத்த அளவுகோல்?

படிமுறை நமக்குப் புதிதும் அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, மோதிர விரல் அல்லது சுண்டு விரல் 7, ஒரு கண் 40, இரண்டு கையும் போனால் 100. லேத்திலும் பிரஸ்ஸிலும் நிற்கப்போகிற நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கணக்கு. மீனவர்களுக்கும் உண்டு: 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் என்று வைத்தார்கள். ஆனால் அது விபத்துக்கு மட்டும், நோய்க்கு அல்ல.

இங்கேதான் முக்கியமான கேள்வி. அளவுகோலில் கோடு போட்டது யார்? டாக்டரின் அளவு வேறு, பிழைப்பின் அளவு வேறு. பக்கவாதத்தின் தீவிரத்தைப் பார்க்கும்போது குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலையைத் தானே செய்ய முடிகிறதா என்று கேட்கிற பாலிசிகள் உண்டு. ஒரு கை கொஞ்சம் வலுக்குறைந்த மீனவர் இதையெல்லாம் செய்துவிடுவார். தாளில் அது சின்னப் பாதிப்பு. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்க அவரால் முடியாது. பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே மீன் பிடிப்பது என்பதற்குப் 'பாடு' என்ற முறை வைத்து, முறைபோட்டுப் பகிர்ந்துகொள்கிறார்கள். பாடு வந்த நாளில் இறங்க முடியவில்லை என்றால் அன்றைய வருமானம் போனதுதான். அவருக்கு அது 25 சதவீத நோய் அல்ல, நூற்றுக்கு நூறு.

1975இல் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைச் சந்தித்தது. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேல் எடுக்கப்பட்டது. அட்டவணைப்படி பகுதி ஊனம்தானே என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று நீதிமன்றம் சொன்னது. அது சட்டம் தந்த நஷ்டஈடு என்பதால் தொழிலைப் பார்த்தார்கள். தனியார் பாலிசி ஓர் ஒப்பந்தம். நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று படிநிலை கேட்காது. தாளில் உள்ள வார்த்தைதான் பேசும். அதனால் வார்த்தையைக் கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

1. எத்தனை நோய் என்று எண்ணாதீர்கள். நம் குடும்பத்தில் வரக்கூடிய நோய் இருக்கிறதா, எந்தப் படியில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

2. சிறிய நிலைக்கு வாங்கினால் பெரிய நிலையில் கழிப்பார்களா, பாலிசி அதோடு முடிந்துவிடுமா என்று கேளுங்கள்.

3. காத்திருப்புக் காலம் எத்தனை நாள், நோய் தெரிந்த பின் எத்தனை நாள் உயிரோடு இருந்தால்தான் பணம் என்பதையும் கேளுங்கள். பல பாலிசிகளில் இரண்டாவது 30 நாள்.

4. சர்க்கரை, பி.பி. இருந்தால் மறைக்காதீர்கள். "அதெல்லாம் எழுத வேணாம் சார், நான் பாத்துக்கறேன்" என்பார்கள். பணம் கேட்கும் நாளில் அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

5. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம்.

6. மறுத்துவிட்டால் முதலில் கம்பெனிக்கே எழுத்துமூலம் முறையிட வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் சென்னையில் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் இப்படிப்பட்ட தாள்களைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். டிராயிங்கில் ஒரு டாலரன்ஸ் எண்ணைக் கவனிக்காமல் விட்டால் ஒரு பார்ட் ஸ்கிராப் ஆகும், அவ்வளவுதான். பாலிசியில் ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டால் ஒரு குடும்பம் கடனில் மூழ்கும். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கிற பாலிசியை எடுத்து, அப்பா அம்மாவை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். புரியாத வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு ஏஜென்டிடம் போய்க் கேளுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம் வீட்டுக்கு உதவட்டும்!