சொல்லாத கட்டணத்தைச் செலுத்தத்தான் வேண்டுமா?

தோல் நோய்க்குப் புதிதாக மருந்து எழுதும்போது மருத்துவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "வெளியில் எங்காவது லேசர் அல்லது பீல் செய்துகொள்கிறீர்களா?" என்பது. இதற்குக் காரணம் உண்டு. டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகளை உட்கொள்ளும்போது தோல் ஒளியால் எளிதில் பாதிக்கப்படும். கருவுற்றிருப்போருக்கு அழகுக்கான லேசர் சிகிச்சையைப் பொதுவாக ஒத்திவைப்பார்கள். புற்றுநோய்க்கான மருந்தோ கதிரியக்கச் சிகிச்சையோ தொடங்கிவிட்டால் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஒப்புதலின்றித் தோலின்மீது எதையும் செய்துகொள்ளக் கூடாது. இத்தகைய நிலையில், எட்டு அல்லது பத்து சிட்டிங்குக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர் நடுவழியில் நிறுத்த நேர்கிறது. மீதித் தொகையைக் கேட்கச் செல்லும்போதுதான் "ரத்துக் கட்டணம்" என்ற சொல்லையே அவர் முதன்முதலாகக் கேட்கிறார்.

உடல்நலம் குன்றியிருக்கும் வேளையில் இந்த வழக்காடலுக்குப் பலருக்கும் தெம்பு இருப்பதில்லை. கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆகவே, சட்டம் என்ன சொல்கிறது என்பதை நோயாளியைவிட உடனிருப்பவர் அறிந்திருப்பது நல்லது.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். இது விளக்கத்திற்காக நாமே அமைத்துக்கொண்ட கணக்கு. எட்டு சிட்டிங் கொண்ட லேசர் பேக்கேஜுக்கு வரி உட்பட 40,000 ரூபாய் கட்டியாயிற்று; இரண்டு முடிந்துவிட்டன. ஒரு சிட்டிங்குக்கு 5,000 வீதம் 10,000 கழித்து 30,000 ரூபாய் திரும்ப வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கிளினிக் போடும் கணக்கு வேறு. பேக்கேஜ் ரத்தானதால் சலுகை விலை பொருந்தாதாம். தனி சிட்டிங்கின் விலை 9,000 என்று கூறி இரண்டுக்கு 18,000. மொத்தத் தொகையில் 25 விழுக்காடு ரத்துக் கட்டணம், 10,000. பதிவு மற்றும் ஆலோசனைக்கு 2,000. ஆக 30,000 போக மீதி 10,000. அதையும் ரொக்கமாகத் தராமல், ஆறு மாதத்திற்குள் வேறு ஏதேனும் சிகிச்சையில் கழித்துக்கொள்ளுமாறு ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள்.

இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்து "மோசடி" என்று கூவுவதால் பயனில்லை. தனி விலை 9,000 என்பதும், இடையில் நிறுத்தினால் அந்த விலையே கணக்கிடப்படும் என்பதும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் காட்டப்பட்டிருந்தால் கிளினிக்கின் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. எட்டுக்கும் சேர்த்துத்தான் சலுகை தரப்பட்டது. ஆனால் அந்த விலை எங்கும் காட்டப்படாமல் கணக்கு முடிக்கும் நாளில் மட்டும் தலைகாட்டினால் அதை ஏற்கத் தேவையில்லை. 25 விழுக்காட்டைப் பாருங்கள்: அது மீதமுள்ள ஆறு சிட்டிங்கின் மீது அல்ல, ஏற்கெனவே செய்து முடித்து விலையும் பிடித்துக்கொண்ட இரண்டின் மீதும் சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கிறது. "ஆலோசனை இலவசம்" என்று விளம்பரம் செய்துவிட்டுப் பின்னர் அதற்கே பணம் பிடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பணமாக வாங்கியதைப் பணமாகத் தராமல் சீட்டாகத் தருவதற்கு நாம் முன்பே இசைந்திருந்தாலன்றி அதைப் பெற்றுக்கொள்ளும் கட்டாயம் நமக்கில்லை.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் அது செயலுக்கு வந்தது. சேவையின் தரம், விலை ஆகியவற்றை அறியும் உரிமையை நுகர்வோருக்கு அது அளிக்கிறது. நம் சிக்கலுக்கு மிகவும் பயன்படும் வரி "குறைபாடு" என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் இருக்கிறது: தேவையான தகவலை வேண்டுமென்றே நுகர்வோரிடமிருந்து மறைப்பதும் சேவைக் குறைபாடே. லேசர் சரியாகச் செய்யப்பட்டதா, தோல் புண்ணானதா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை. ரத்துக் கட்டணத்தைச் சொல்லாமல் பணம் வாங்கியதே முறையிடப் போதுமான காரணம்.

அதே சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற ஒன்றையும் வரையறுக்கிறது. ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம், நுகர்வோரைப் பாதகமான நிலையில் தள்ளும் காரணமற்ற கட்டணம் ஆகியவை அதில் அடங்கும். எனவே பொடி எழுத்தில் அச்சிட்ட படிவத்தில் நாம் கையெழுத்திட்டிருந்தாலும் கதவு முற்றிலும் மூடிவிடவில்லை. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தா என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தன் 74ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகையை உச்ச வரம்பாகவே கொண்டு, அதற்குட்பட்ட நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அடிப்படையிலான புகாரை மாநில ஆணையத்திலோ தேசிய ஆணையத்திலோதான் தொடுக்க முடியும். மாவட்ட ஆணையத்திற்கு அந்த அதிகாரம் இல்லை. நாற்பதாயிரம் ரூபாய்க்காகச் சென்னை வரை அலைவதைவிட, "தகவலை மறைத்தார்கள், இது சேவைக் குறைபாடு" என்று சொந்த மாவட்டத்திலேயே முறையிடுவது எளிது என்பது என் கருத்து.

பணம் கட்டியவர் ஒருவர், சிகிச்சை பெற்றவர் மற்றொருவர் என்றால் யார் புகார் செய்வது? மகளின் திருமணத்தை முன்னிட்டுத் தாய் பணம் கட்டுவது நம் வீடுகளில் வழக்கந்தான். பணம் கொடுத்தவரும், அவர் ஒப்புதலோடு சேவையைப் பெற்றவரும் ஆகிய இருவருமே சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்.

இனிச் செய்ய வேண்டியவை. சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் மருத்துவரிடம் அன்றே ஓர் எழுத்துச் சான்று கேட்டுப் பெறுங்கள். நோயின் முழு விவரமும் அதில் இருக்க வேண்டியதில்லை; இன்ன தேதி முதல் லேசர் போன்ற சிகிச்சைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற ஒரு வரி போதும். மனம் மாறியதால் விலகுகிறவருக்கும் மருத்துவக் காரணத்தால் விலகுகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு வரி காட்டிவிடும். பின்னர் கிளினிக்குக்கு மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுதுங்கள். தொலைபேசியில் பேசுவது ஆறுதலுக்குச் சரி, ஆதாரத்துக்கு உதவாது. கடிதம் நீளமாக இருக்க வேண்டாம்:

"இன்ன தேதியில் 8 சிட்டிங்குக்கு ரூ. 40,000 செலுத்தினேன். 2 முடிந்துள்ளன. மருத்துவர் ஆலோசனைப்படி மேற்கொண்டு தொடர இயலாது; சான்று இணைத்துள்ளேன். ரத்துக் கட்டணம் குறித்துப் பணம் செலுத்தும் முன் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிவித்ததாகத் தாங்கள் கருதினால் நான் கையெழுத்திட்ட ஆவணத்தின் நகலை அனுப்புக. ரூ. 30,000 தொகையை 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துக."

கையெழுத்திட்ட நகலைக் கேட்கும் வரியை விட்டுவிடாதீர்கள். அப்படி ஓர் ஆவணம் இல்லையென்றால் பேச்சு அங்கேயே தணிந்துவிடக் கூடும். ரசீது, விளம்பரத் துண்டு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். முன்பணம் பெற்றுச் சேவை வழங்காமல் திருப்பித் தரும்போது அதற்குரிய ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். "வரி அரசுக்குப் போய்விட்டது" என்ற பதில் சரியன்று. செல்பேசிச் செயலி வழியாகப் பதிவு செய்தவர்கள் விலைப் பக்கத்தைப் படம் பிடித்து வைப்பது நல்லது. விலையின் பகுதிகளைத் தொடக்கத்தில் மறைத்துப் பின்னர் ஒவ்வொன்றாகக் கூட்டுவதை 2023ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

மாதத் தவணையில் எடுத்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிளினிக்கில் அமர்ந்தே கையெழுத்திட்டிருந்தாலும் அந்தக் கடன் வேறொரு நிதி நிறுவனத்துடன் செய்துகொண்ட தனி ஒப்பந்தம். கிளினிக்கின் மீதுள்ள கோபத்தில் தவணையை நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண்தான் குறையும். தவணையைக் கட்டிக்கொண்டே இரு இடத்திற்கும் எழுதுங்கள்.

பதில் வரவில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை; புகாரை நிறுவனத்திடம் கொண்டுசென்று தீர்வு தேடுகிறார்கள். அதற்கும் பிடிகொடுக்காதவர்கள்மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கிளினிக் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது புதிய சட்டம் தந்த பெரிய வசதி. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் ஏதுமில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைவிடத் தாமதமாவதும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அறிவிப்புக் கிடைத்ததும் பேசித் தீர்க்க முன்வரும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆணையமே இரு தரப்பையும் சமரசத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு.

சிகிச்சை முடிந்து உடல் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை வழக்குத் தொடரலாம். ஆனால் கிளினிக்குக்கு எழுதும் கடிதத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நோயாளியால் இயலாதபோது உடனிருப்பவரே கடிதத்தை எழுதி, நோயாளியின் கையெழுத்தைப் பெற்று அனுப்பலாம்.