சமன்பாடும் பொருள்கோளும்

தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் இன்று தொல்லியலார் தரும் ஆண்டுகளைச் சான்றாகக் காட்டுகின்றனர். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியொன்றின் காலம் கி.மு. 580 எனத் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. இத்தகைய ஆண்டு எவ்வாறு பெறப்படுகின்றது என வினவுவார் சிலரே. எக்கருவியும் கரித்துண்டின் ஆண்டினை நேரே அளப்பதில்லை, அளக்கப்பெறுவது வேறொன்று. அளந்ததனைக் கொண்டு அளவாததனைப் பெறும் வழி, சமன்பாட்டின் உறுப்புகளை இடமாற்றி, வேண்டியதனைத் தனித்து நிறுத்துதலாம். அதனை ஈண்டு ஆராய்வாம்.

செய்யுளிற் கிடந்தவாறே பொருள் கொள்ளவியலாத இடத்துச் சொற்களை மாற்றிக் கூட்டுதல் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பொருள்கோளை நான்காகவும், நன்னூல் எட்டாகவும் வகுத்தன. சமன்பாட்டினும் இடமாற்றம் உண்டு. ஆயின் வேறுபாடு ஒன்றுளது. சொல் இடம்பெயரினும் வடிவு திரியாது. சமன்பாட்டின் உறுப்போ, சமக்குறியைக் கடக்குங்கால் தொழில் மாறும். கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும். ‘கடத்தல்’ என்பதும் வழக்கே. உண்மையில் நாம் இருபுறத்தும் ஒரே செயலைச் செய்கின்றோம். அதனாற் சமன் கெடுவதில்லை.

எளியதொரு சான்று காண்பாம். அடர்த்தி என்பது நிறையைப் பருமனால் வகுத்துப் பெறுவது. பருமனே வேண்டுமெனின், முதலில் இருபுறத்தையும் பருமனாற் பெருக்குக. பின்னர் அடர்த்தியால் வகுக்க.

பருமன் = நிறை ÷ அடர்த்தி

பொன்னின் அடர்த்தி கன செ.மீட்டருக்கு 19.3 கிராம். ஆகவே 193 கிராம் பொன்னின் பருமன் 10 கன செ.மீ. என்க.

இனிக் கரிக்கு வருவாம். உயிர் நீங்கிய பொருளில் கதிரியக்கக் கரி காலந்தோறும் குறைந்து வருகின்றது. அதனைக் கொண்டு காலங்கணிக்கும் முறையை அமெரிக்க அறிஞர் வில்லார்டு லிபி 1949இல் வெளியிட்டார்; அதன்பொருட்டு 1960இல் நோபெல் பரிசு பெற்றார். அவர் கொண்ட அரைவாழ்வுக் காலம் 5568 ஆண்டு. எஞ்சிய அளவு வேண்டின், தொடக்க அளவை ½ என்பதன் அடுக்கு ஒன்றாற் பெருக்குதல் வேண்டும். அவ்வடுக்கு ஆண்டினை 5568ஆல் வகுத்த ஈவு. நாம் தேடும் ஆண்டு அடுக்கினுள் மறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர முதலில் தொடக்க அளவால் இருபுறமும் வகுக்க. அடுத்து இருபுறத்தும் இயல் மடக்கை காண்க. மடக்கை அடுக்கினைக் கீழிறக்கிப் பெருக்கலாக்கும். 2இன் இயல் மடக்கையாகிய 0.6931ஆல் 5568ஐ வகுக்க ஏறத்தாழ 8033 வரும். முடிவு இது:

ஆண்டு = 8033 × இயல் மடக்கை (தொடக்க அளவு ÷ எஞ்சிய அளவு)

முக்காற் பங்கு எஞ்சியிருப்பின், 4/3இன் இயல் மடக்கை 0.2877, ஆண்டு ஏறத்தாழ 2311.

இவ்வாறு திருப்பி நிறுத்தியபின் சமன்பாடு சில உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. ஒன்று, எஞ்சிய அளவை அளப்பதில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை நேரின், முடிவில் ஏறத்தாழ 80 ஆண்டு பிழை நேரும். இரண்டு, வலப்புறத்து நிற்கும் தொடக்க அளவை யாரும் அளந்திலர். அது வளிமண்டலத்தின் நிலைகொண்டு கருதப்பட்டது. அந்நிலை காலந்தோறும் சிறிது மாறியதாலும், அரைவாழ்வு 5730 ஆண்டு எனப் பின்னர்த் திருத்தப்பட்டதாலும், மரவளையங்கொண்டு விடையைத் திருத்துகின்றனர். மூன்று, இக்கணக்கில் ‘இன்று’ என்பது கி.பி. 1950 என்னும் மரபு. நூல் படிக்கும் ஆண்டிலிருந்து கழித்தல் பிழை. நான்கு, பெறப்படுவது அம்மரத்தின் பகுதி உயிர்ப்பு நீங்கிய காலமே. பாட்டுப் பிறந்த காலம் அன்று. முன்னதினின்று பின்னதற்குச் செல்லத் தனிச் சான்று வேண்டும்.

உரை காண்பார் எச்சொல்லை எங்கிருந்து கொணர்ந்தார் என்று ஆராயாது நாம் உரையை ஏற்பதில்லை. ஆண்டினைக் கூறும் எண்ணுக்கும் அவ்வாராய்ச்சி உரியது. ஐயத்தால் அதனைத் தள்ளுதலும், வியப்பால் அதனைக் கொள்ளுதலும் ஒருங்கே தவறாம். எவை அளக்கப்பட்டன, எவை கருதப்பட்டன என்று பிரித்தறிந்தபின் மேற்கோள் காட்டுதலே ஆய்வாளர் கடன் என யாம் கருதுகின்றோம்.