உடலுக்கு வெளியே ஒரு நுரை ஈரல்!

நுரை ஈரல் வேலை செய்ய மறுத்துவிட்டால் மனிதன் பிழைக்க முடியுமா? சில நாட்கள், சில வாரங்கள்கூட உயிரைக் காத்து வைக்க ஓர் எந்திரம் இருக்கிறது. அதன் பெயர் எக்மோ.

2020-ம் ஆண்டு இந்தப் பெயர் தமிழ்நாட்டின் வீடுதோறும் பேசப்பட்டது. காரணம், பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம்.

ஆகஸ்டு 5-ந் தேதி, தமக்கு லேசான கொரோனா என்று அவரே வீடியோவில் தெரிவித்தார். சென்னை எம்.ஜி.எம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 13-ந் தேதி இரவு நிலைமை மோசமாயிற்று. வென்டிலேட்டர் வைத்தார்கள். பிறகு எக்மோவும் பொருத்தப்பட்டது.

ரத்தம் வெளியே வருகிறது

நாம் இழுக்கும் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்து ரத்தத்தில் சேர்ப்பது நுரை ஈரலின் வேலை. வைரஸ் நோய் முற்றினால் நுரை ஈரல் வீங்கி, நீர் கோத்துக்கொள்ளும். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும். ஆனால், அதை வாங்கிக்கொள்ள நுரை ஈரலுக்குச் சக்தி வேண்டுமே!

அந்தச் சக்தியும் போனால் எக்மோ. தொடை இடுக்கில் அல்லது கழுத்தில் பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு தடித்த குழாயைச் செலுத்துவார்கள். ரத்தம் வெளியே வரும். எந்திரம் அதில் பிராணவாயுவைக் கலந்து, கரியமில வாயுவை நீக்கி, மீண்டும் உடலுக்குள் அனுப்பும்.

நம்பிக்கைக் குழந்தை

1975-ம் ஆண்டு அமெரிக்காவில் டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இந்த முறையில் ஒரு பச்சிளங் குழந்தையைப் பிழைக்க வைத்தார். நர்சுகள் அதற்கு "எஸ்பரான்சா" என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் அதற்கு "நம்பிக்கை" என்று பொருள்.

மருந்து அல்ல!

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எக்மோ வைரசைக் கொல்லாது. நுரை ஈரல் தானாகத் தேறுவதற்கு அவகாசம் தரும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 7-ந் தேதி, பாலசுப்பிரமணியத்தின் உடலில் கொரோனா இல்லை என்று அவருடைய மகன் சரண் அறிவித்தார். தந்தை ஐபேடில் கிரிக்கெட்டும் டென்னிசும் பார்ப்பதாகவும் சொன்னார். ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். வைரஸ் போய்விட்டது, நுரை ஈரல் மட்டும் எதிர்பார்த்தபடி தேறவில்லை. செப்டம்பர் 25-ந் தேதி அவர் காலமானார். வயது 74.

ஆபத்தும் உண்டு. குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். அதனால் ரத்தக் கசிவு ஏற்படலாம். கிருமி தொற்றலாம். 2020-ல் பல நாடுகளில் எக்மோ வைக்கப்பட்ட 1,035 கொரோனா நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அதன்படி, 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 37 பேர்.

எனவே, கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தார் டாக்டரிடம் கேட்க வேண்டியவை: நுரை ஈரல் தேற வாய்ப்பு உண்டா? எத்தனை நாள் ஆகலாம்? என்ன ஆபத்து? எவ்வளவு செலவு? தேறாவிட்டால் அடுத்து என்ன?

கிராமத்தில் இருப்பவர்கள்?

எக்மோ பெரும்பாலும் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு. காரைக்கால் பகுதியில் உள்ள அம்பகரத்தூரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 300 கிலோ மீட்டர். மூச்சு முட்டும் நோயாளிக்கு அது நீண்ட தூரம்.

ஆகவே காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். வேளையோடு கிடைக்கும் பிராணவாயுவே பலரைக் காப்பாற்றிவிடும். அவர்களுக்கு எக்மோ தேவைப்படாது.