பேசாத ஒரு கட்டையும் மூவாயிரம் ரூபாயும்



சென்ற ஆண்டு மூன்றாம் செமஸ்டர் ஃபீஸ் கட்டுவதற்காக எங்கள் வீட்டு கீபோர்டை விற்றேன். 61 கட்டை உள்ள யமஹா. மாமா மெல்லிசைக் குழுவில் வாசித்துக் கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. நடுவில் ஒரே ஒரு கட்டை மட்டும் பேசாது. போனில் உள்ள ஒரு விற்பனை ஆப்பில் 5,000 ரூபாய் என்று போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒருவர், "லாஸ்ட் ப்ரைஸ் என்ன ப்ரோ?" என்றார். நான் உடனே 4,000 என்றேன். "ஒரு கட்டை வேலை செய்யலையே, இன்னும் என்னென்ன போயிருக்கோ" என்றார். 3,500-க்கு பேரம் படிந்தது. தாம்பரம் மேற்கு ஸ்டேஷன் வாசலில் கொடுத்துவிட்டு, பரவாயில்லை என்று டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் அதே ஆப்பில் அதே கீபோர்டு! மாமா ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் கூட அப்படியே இருந்தது. விலை 6,500. கூடவே ஒரு வீடியோ: இடது கோடியிலிருந்து வலது கோடி வரை 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டியிருந்தார். எல்லாம் பேசின.

அவர் என்னை ஏமாற்றவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தார், வாங்கிச் சென்றார். ஏமாந்தது நான்தான். அதிலும் நான் படிப்பது எலக்ட்ரானிக்ஸ்! அந்தக் கட்டை ஏன் பேசவில்லை என்று திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கட்டைகளுக்குக் கீழே நீளமான ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். அதன் அடியில் கறுப்பாகக் கார்பன் புள்ளிகள். கட்டையை அழுத்தினால் கார்பன் போய் சர்க்யூட் போர்டில் உள்ள தடங்களைத் தொட்டு இணைக்கும், அவ்வளவுதான் விஷயம். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும், ஓங்கி அடித்தால் சத்தமாகவும் பேசுகிற மாடல்களில் ஒரு கட்டைக்கு இரண்டு புள்ளிகள் இருக்கும். முதல் புள்ளி தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையே ஆன நேரத்தைக் கணக்கிட்டுத்தான் வேகம் அறியப்படுகிறது. தூசியோ ஈரப்பதமோ அங்கே படிந்தால் கட்டை பேசாது, அல்லது திடீரென்று கத்தும். பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு இரண்டு பக்கமும் மெல்லத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கார்பனைச் சுரண்டக் கூடாது, அது முக்கியம். அரை மணி நேர வேலை. அதற்கு நான் கொடுத்த விலை மூவாயிரம் ரூபாய்!

ஏன் ஒரு கட்டைக்கு இவ்வளவு விலை இறங்குகிறது? இதைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-லேயே எழுதிவிட்டார். பழைய கார் சந்தையை உதாரணமாக எடுத்துக்கொண்டார். விற்பவருக்கு வண்டியின் வண்டவாளம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர், இது நல்லதாகவும் இருக்கலாம், ஓட்டையாகவும் இருக்கலாம் என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை கேட்கிறார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கட்டாது என்று ஒதுங்கிவிடுகிறார். மிச்சம் இருப்பது ஓட்டை வண்டிகள். விலை இன்னும் இறங்குகிறது. இந்தக் கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு! (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.)

நம்மவர்களுக்கு இது புதிது அல்ல. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பழைய ரேடியோவோ மிக்ஸியோ, வாங்குபவர் கையில் எடுப்பார், தட்டுவார், காதருகே ஆட்டிப் பார்ப்பார், அதன் பிறகே விலை பேசுவார். போனில் நடப்பது தலைகீழ். பொருளைத் தொடுவதற்கு முன்பே கடைசி விலை கேட்கப்படுகிறது. தொடாத பொருளுக்குச் சந்தேகத்தைக் கழித்துத்தான் விலை வரும். "இன்னும் என்னென்ன போயிருக்கோ" என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் நண்பர்களுக்காகவும் தெருவில் உள்ளவர்களுக்காகவும் நான்கைந்து கருவிகள் விற்றுக் கொடுத்திருக்கிறேன். முதலில் விலை வைப்பது. ஆப்பில் மற்றவர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்த்து அப்படியே வைப்பது தவறு. அது அவர்கள் கேட்கிற விலை, கிடைத்த விலை அல்ல. இரண்டு மாதமாக ஒரே விளம்பரம் தொங்கிக் கொண்டிருக்கிறது என்றால் அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். சட்டென்று காணாமல் போகும் விளம்பரங்களைக் குறித்து வையுங்கள், அவைதான் வழிகாட்டி.

எல்லாக் கருவியும் ஒரே மாதிரி விலை இறங்காது. கீபோர்டு நம் போன் மாதிரி. புது மாடல் வந்தால் பழையது சரியும். மிருதங்கத்தில் தோலுக்கு யாரும் விலை தரமாட்டார்கள், எப்படியும் மாற்றத்தான் வேண்டும். பலாக் கட்டையில் வெடிப்போ பூச்சி அரித்த ஓட்டையோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வீணையில் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். போட்டோவில் அதைச் சொல்வது கடினம். சேலையூர் அக்கா ஒருவர் அவசரத்தில் போன் பேரத்திலேயே தன் வீணையைக் கொடுக்க இருந்தார். முதலில் ஒரு பாட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று மட்டும்தான் நான் சொன்னேன். அவர் பார்த்து ஏகாண்டம்தான் என்று சொன்னபின் பேச்சே வேறு மாதிரி போயிற்று.

கிடாருக்கு நீங்களே சோதனை செய்யலாம். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல் ஒரு நாதம் வரும். அடுத்து அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இதை வீடியோ எடுத்துப் போட்டால் தெரிந்தவர்கள் உடனே நம்புவார்கள். தாம்பரம் பக்கக் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும். சில நூறு ரூபாயில் புதுக் கம்பி மாட்டிவிட்டு போட்டோ எடுங்கள். கீறல் இருந்தால் அதையும் எடுங்கள். நாமே காட்டிய குறையை வைத்து யாரும் பேரம் பேச முடியாது, ஏற்கனவே விலையில் கழித்தாயிற்று என்று சொல்லிவிடலாம்.

கீபோர்டு விற்பவர்களுக்கு இன்னொன்று: ஒரிஜினல் அடாப்டரைத் தொலைக்காதீர்கள். பழைய கேசியோ மாடல்கள் பலவற்றில் பின்னின் நடுமுனை நெகடிவ். யமஹாவில் நடுமுனை பாசிடிவ். வந்தவர் கையில் கிடைத்ததைச் சொருகினால் கதை அங்கேயே முடியும்.

இனி பேரம். விலை போடும் முன்பே இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். எழுதாமல் போனதால்தான் நான் பத்து நிமிஷத்தில் ஆயிரம் இறங்கினேன். "லாஸ்ட் ப்ரைஸ்?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், எண்ணும் சொல்ல வேண்டாம். குரோம்பேட்டை நண்பனின் கிடாரை விற்றபோது நடந்தது இது:

"லாஸ்ட் எவ்ளோ?"

"வந்து வாசிச்சுப் பாருங்கண்ணா, பிடிச்சா பேசிக்கலாம்."

"அவ்ளோ தூரம் வந்து விலை ஒத்துவரலேன்னா?"

"வீடியோ அனுப்புறேன், பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சொன்னதுல ஒண்ணு தப்பா இருந்தா ரயில் சார்ஜ் நான் தர்றேன்."

கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தார். 4,500 போட்டிருந்தோம், அவர் 3,500-ல் ஆரம்பித்தார். நாங்கள் முதலில் 300 குறைத்தோம், அடுத்து 100, அப்புறம் 50. குறைக்கும் தொகை சிறுத்துக் கொண்டே வந்தால் அடிவாரம் வந்துவிட்டது என்று எதிராளிக்கே புரியும். கடைசியில் விலையைக் குறைக்காமல் உறையையும் ஒரு செட் கம்பியையும் சேர்த்துக் கொடுத்தோம். 4,050-க்கு முடிந்தது, அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

பேரமே பேசாதவர் வந்தால்தான் பயப்பட வேண்டும்! போட்ட விலைக்கே சம்மதம், நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, ஆள் அனுப்புகிறேன் என்று ஒருவர் எனக்கும் பேசினார். அடையாள அட்டை போட்டோ கூட வந்தது. பிறகு ஒரு கியூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும்" என்றார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பின் போட்டால் நம் பணம்தான் போகும். போனை வைத்துவிட்டேன். யாராவது போட்டுவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

விற்பதற்கு நல்ல காலம் விஜயதசமியை ஒட்டியும் கோடை விடுமுறையிலும். பிள்ளைகளைப் பாட்டு வகுப்பில் சேர்ப்பவர்கள் அப்போதுதான் தேடுவார்கள். ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள் விற்பதற்கு உகந்த நாள் அல்ல. அவசரம் நம் குரலிலேயே தெரிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் பேசாத கட்டையோடு கீபோர்டு ஏதாவது கிடந்தால், விளம்பரம் போடும் முன் என்னிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் எலக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில் இருப்பேன். பஞ்சும் ஆல்கஹாலும் என் செலவு.