சமையலறைப் பாடம் எட்டு வயதில் தொடங்குவதல்ல
குழந்தையின் முதல் உதவிக்கரத்தை விலக்கிவிடலாமா?

திருவனந்தபுரம்: சமையலறைத் தரையில் அமர்ந்து தந்தை தேங்காய் துருவுகிறார். மற்றொரு படத்தில் தந்தை மகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறார். 2024 ஜூன் மாதம் கேரளத்தில் பள்ளிகள் திறந்தபோது மூன்றாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்த படங்கள் இவை. வீட்டு வேலை பெண்ணுக்கு மட்டுமே உரியதல்ல என்பதைக் குழந்தைகள் மனதில் பதிய வைக்கும் இம்முயற்சி நாடு முழுவதும் வரவேற்பைப் பெற்றது. பொதுக்கல்வித் துறைப் பொறுப்பு வகித்த அமைச்சர் வி.சிவன்குட்டி அந்தப் பக்கங்களைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்திருந்தார்.

முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் மூன்றாம் வகுப்பு மாணவருக்கு வயது எட்டு. அதற்குள் வீடு தன் பாடத்தை நடத்தி முடித்திருக்கும்.

ஐந்து வயதிலேயே பிரிவினை

ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் 2016இல் வெளியிட்ட அறிக்கை இதை உறுதிப்படுத்துகிறது. உலக அளவில் 5 முதல் 14 வயது வரையுள்ள சிறுமிகள், அதே வயதுச் சிறுவர்களைவிட 40 சதவீதம் கூடுதல் நேரத்தை ஊதியமற்ற வீட்டு வேலைகளில் செலவிடுகின்றனர். 5 முதல் 9 வயதுக்குள்ளேயே இந்த இடைவெளி 30 சதவீதமாக உள்ளது.

அந்த இடைவெளி வளர்ந்து எங்கே போய் நிற்கிறது என்பதை மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டுகிறது. ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக 2019ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. 2024ஆம் ஆண்டு ஆய்வில் இது முறையே 289, 88 நிமிடங்களாக இருந்தது. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிட்டது. விபத்தில் இறந்த இல்லத்தரசியின் வருமானத்தை மதிப்பிடும் வழக்கில் உச்சநீதிமன்றமும் 2021 ஜனவரியில் இந்த ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்கைச் சுட்டிக்காட்டியது. பெண் கல்வியில் நாட்டுக்கே முன்னோடியான கேரளம் பாடநூலில் சமையலறையைத் திறந்து காட்ட நேர்ந்ததன் பின்னணி இதுதான்.

கேட்காமலே வரும் உதவி

உதவும் மனம் குழந்தையிடம் யாரும் புதிதாகத் திணிக்க வேண்டியதல்ல. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன உளவியலாளர்கள் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. துணி காயப்போடுபவரின் கையிலிருந்து கவ்வி தவறி விழுந்தது. எட்டாத கையைக் கண்ட ஒன்றரை வயதுக் குழந்தைகள் தாமாகவே அதை எடுத்துக் கொடுத்தன. இத்தகைய பல சோதனைகளில், 24 குழந்தைகளில் 22 பேர் ஒருமுறையேனும் உதவினர். பரிசோ பாராட்டோ அவர்களுக்குத் தரப்படவில்லை. பொருளைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கினால் உதவும் ஆர்வம் பின்னர் குறைகிறது என்று 2008இல் வெளியான அவர்களது அடுத்த ஆய்வு கண்டறிந்தது.

இதைக் கல்விமுறையாகவே வகுத்தவர் மரியா மாண்டிசோரி. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த அவரது முறையில், தண்ணீர் ஊற்றுவதும் பெருக்குவதும் மேசையைத் துடைப்பதும் பாடங்களே.

நம் வீடுகளில் நடப்பது என்ன? துடைப்பத்தைப் பிடிக்கும் இரண்டு வயதுக் குழந்தையை "நீ போய் விளையாடு" என்று அனுப்பிவிடுகிறோம். அவசரத்தில் அது எளிது. சில ஆண்டுகள் கழித்து, மகளை மட்டும் திரும்ப அழைக்கிறோம். மகனை அழைப்பதில்லை.

வேலையல்ல, பங்கேற்பு

அழுக்குத் துணியைக் கூடையில் போடுவது, காலுறைகளை ஜோடி சேர்ப்பது, பட்டாணி உரிப்பது, சிந்திய நீரைத் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பொம்மைகளை எடுத்து வைப்பது போன்றவை இரண்டு, மூன்று வயதில் பெரியவர் துணையுடன் இயல்பாகச் செய்யக்கூடியவை. அடுப்பு, கத்தி, வெந்நீர், தரை துடைக்கும் திரவங்கள் ஆகியவை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். மடித்த துணி கோணலாக இருக்கும். வேலை முடிய இரட்டிப்பு நேரமாகும். குழந்தையின் எதிரிலேயே அதைத் திருத்தி மடிப்பது, "உன் உதவி தேவையில்லை" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் இச்சிறு பங்கேற்பையும் குழந்தை உழைப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விளையாட்டையும் உறக்கத்தையும் படிப்பையும் பறிக்கும் எதுவும் உதவியாகாது.

எட்டு வயது மாணவன் பாடநூலைத் திறக்கும்போது, தேங்காய் துருவும் தந்தை அவனுக்கு வியப்பாகத் தெரிகிறாரா, அன்றாடக் காட்சியாகத் தெரிகிறாரா? அதை முடிவு செய்வது பூஜப்புராவில் பாடநூல் எழுதிய வல்லுநர்கள் அல்லர். அவன் இரண்டு வயதில் துடைப்பத்தைப் பிடித்தபோது அருகில் நின்றவர்களே.